இடது கைக்கு ஒரு ரைட்டு

கோவை இலையைக் கசக்கும்போது வரும் பச்சை வாசனையில், இன்று இடமே தெரியாமல் போய்விட்ட எங்கள் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடம் எழுந்து வந்துவிடும். கடற்காற்றில் ஓயாமல் சலசலக்கும் கீற்றுக்கூரை, கோவை இலையால் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கும் நாங்கள், சரியான கணக்குக்கெல்லாம் ‘ரைட்டு’ என்று உரக்கச் சொல்லிக் கோடு இழுக்கும் சார்.

அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பஸ் கிளம்ப ரைட்டு, பேரம் படிந்தால் ரைட்டு, உரிமைக்கு ரைட்டு, வலது கைக்கும் ரைட்டு. இடது கையால் எழுதும் எனக்கு மட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

“இந்தக் கைல எழுதிக்கினு இருந்தா ரைட்டு கெடையாது. அடுத்த கிளாசும் கெடையாது” என்றார் ஒருநாள்.

நான் எழுந்து நின்று சிலேட்டை நீட்டினேன்.

“எந்தக் கைன்றத வுடுங்க சார். கணக்கு ரைட்டா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

சார் சிலேட்டை வாங்கி, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். அவரையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

“ரைட்டுதாம்மா!”

சிலேட்டின் குறுக்கே பெரிதாக ஒரு கோடு விழுந்தது. அடுத்த கணக்கை, கையை யாரிடமிருந்தும் மறைக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினேன்.