பாஞ்சாலையின் புளியம்பிடி

பாஞ்சாலைக்குத் திமிர் ஜாஸ்தி என்று தேரடித் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தத் திமிருக்கு அவளிடம் காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

தேரடித் தெருவிலிருந்து பிரிகிற சந்தில் அவள் புருஷன் திருமலையின் பட்டறை இருக்கிறது. அரிவாள், மண்வெட்டி எல்லாம் அங்கே கிடையாது. பேனாக்கத்தி மட்டும்தான். மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற சின்னக் கத்தி. பழைய லாரியின் வில் பட்டையைக் காய்ச்சி அடித்து அலகு செய்வது திருமலை; அந்த அலகு மடங்கி உட்காருகிற மரப்பிடியைச் செய்வது பாஞ்சாலை. ஆனால் பலகையில் எழுதியிருப்பது திருமலை பேர். அலகின் அடியில் அச்சு அடித்திருப்பதும் திருமலை பேர். மூட்டை பிரிக்க, கயிறு அறுக்க, கரும்பு சீவ என்று கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், "திருமலை கத்தி இருக்குதா?" என்று பாஞ்சாலையின் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். தலைமுடியெல்லாம் மரத்தூளோடு அவள் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். எப்படி இருக்கும் சொல்லுங்கள்? வயிறு எரியாதா?

மரம் அவளுக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் வந்த பழக்கமில்லை. கீழ்பென்னாத்தூருக்கு அந்தாண்ட ஒரு ஊரில் பிறந்து, மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், களை வெட்டி வளர்ந்தவள். களைக்கொட்டுக்குப் பிடி அவளே தேடிப் போட்டுக்கொள்வாள். மற்றவர்கள் உள்ளங்கை கொப்பளித்துப் போகும், அவள் கை அப்படியே இருக்கும். அவளுடைய களைக்கொட்டை எடுத்துக்கொள்வதற்காகவே நாலைந்து பேர் விடியும் முன்னே வந்து நிற்பார்கள். அவர்களை அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கல்யாணமாகிப் பட்டறைக்குள் காலை வைத்த புதிதில், திருமலை மொத்தமாக வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் பிடி ஒன்றை எடுத்து இறுக்கிப் பார்த்தாள். "இதைப் புடிக்கிறவன் மனுசனா, மாடா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து பிடி அவள் வேலையாகிவிட்டது.

ஒரு பௌர்ணமி அன்று காலை. கிரிவலக் கூட்டம் இன்னும் சேரவில்லை. புது அலகில் திருமலை தன் பேர் அச்சை வைத்துச் சுத்தியலை ஓங்கினான். பாஞ்சாலை சொன்னாள்:

"பக்கத்துலயே என் பேரையும் அடி."

அவன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

"கத்தின்னா இரும்புதாம்மே. புடியைப் பாத்து எவன் வாங்கறான்?"

"வாங்கறான்யா. உனுக்குத்தான் தெரியல."

"அப்படியா? 'உன் பிளேடு எப்படின்னா இருக்கட்டும், எனக்கு அந்தப் புடிதான் வேணும்'னு ஒருத்தன் வந்து என் மூஞ்சிக்கு நேரா கேக்கட்டும். அன்னைக்கே உன் பேரை அடிக்கிறேன்."

பக்கத்து டீக்கடைப் புகழேந்திக்குக் காது பாம்புக் காது. "நான் சாட்சி! திருமலை மாமா, வார்த்தை மாறக் கூடாது!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"சரி," என்றாள் பாஞ்சாலை. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கே மரம் தேட ஆரம்பித்துவிட்டாள். அதுவரைக்கும் கதவு செய்கிற கடையில் மிஞ்சுகிற தேக்குத் துண்டுதான் பிடிக்கு வந்துகொண்டிருந்தது. பந்தயம் என்று வந்தபின் மிச்சம் மீதியில் காலம் தள்ள முடியுமா?

அந்தச் சமயம் பார்த்துக் கருங்காலி மோகம் ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் கருங்காலி, கையில் கருங்காலி. பிடியும் கருங்காலியில் போட்டால் கிரிவலக் கூட்டம் அள்ளிக்கொண்டு போகும் என்று திருமலை ஒற்றைக்காலில் நின்றான். பாஞ்சாலை சண்டை போடவில்லை. கருங்காலி, வேம்பு, தேக்கு, இன்னும் கையில் கிடைத்ததையெல்லாம் பிடி அளவுக்கு அறுத்து, ஆணிக்குத் துளை போட்டு, புகழேந்தி கடைக்கு எடுத்துப் போனாள். டீ கிளாஸ் அலசுகிற வாளியில் பகலெல்லாம் கிடக்க வேண்டும். சாயங்காலம் அடுப்பு ஓரத்தில் காய வேண்டும். மறுநாள் திரும்பவும் வாளி.

"இன்னாக்கா, டீயில மரம் போட்டுத் தரேன்னு ஊர்ல பேசிக்கிறாங்க," என்று புகழேந்தி அலுத்துக்கொண்டான்.

"போட்டுக் குடு. உன் டீக்கு அதுலயாவது ருசி வரட்டும்."

வேம்பு ஊறிப் பருத்தது. தேக்கு சிராய் விட்டது. கருங்காலி பார்க்கப் பளபளவென்று ராஜா மாதிரி இருந்தது, ஆனால் துளையைச் சுற்றி மயிரிழையாகக் கீறல் விட்டிருந்தது. ஈரக்கையில் பிடித்தால் வழுக்கவும் செய்தது. "கழுத்துல போட்டுக்க நல்ல மரம்யா. கைக்கு ஆவாது," என்று அதை ஓரமாக வைத்துவிட்டாள்.

அப்புறம்தான் புளி வந்தது. கீழ்பென்னாத்தூர் ரோட்டை அகலப்படுத்தக் கிழட்டுப் புளியமரங்களைச் சாய்த்திருந்தார்கள். அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவள் அறுவை மில் வாசலில் அடிமரத் துண்டு ஒன்றைப் பார்த்து பஸ்ஸை விட்டே இறங்கிவிட்டாள். சுற்றிலும் வெளுப்பு, அதை வண்டு துளைத்திருந்தது. நடுவிலே கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் வைரம் பாய்ந்த கட்டை, ஒரு வண்டுகூட வாய் வைக்கவில்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகம்தான் வளைந்தது. விலை பேசி, ஷேர் ஆட்டோவில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

திருமலைக்கு முகம் செத்துவிட்டது. "புளியமரமா? பேய் குடியிருக்கிற மரம்மே! தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

"பேய்க்கு இரும்புன்னா பயம்தானே?"

"ஆமா."

"அப்போ நீ அடிச்ச இரும்பு இந்தப் புடி மேலயே இருக்கப் போவுது. பேய் எப்படிய்யா இருக்கும்? இருந்துச்சுன்னா உன் இரும்பு சரியில்லன்னு அர்த்தம்."

புகழேந்தி பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தான். திருமலை அதற்கப்புறம் பேயைப் பற்றிப் பேசவே இல்லை.

வைரத்தை மட்டும் பிளந்து, தண்ணீர்த் தொட்டியில் மாதக்கணக்கில் ஊறவிட்டு, வெயில் படாமல் வைக்கோலுக்குள் உலர்த்தினாள். அவசரப்பட்டால் பிளந்துவிடும் என்று பக்கத்தில் யாரையும் விடவில்லை. அரத்துக்கு லேசில் மசிகிற மரமா அது? தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மல்லாட்டை எண்ணெய் பூசிய பிறகும் பிடி பார்வைக்கு ஒன்றும் பெரிய அழகாகிவிடவில்லை. கையில் எடுத்தால்தான் தெரியும்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதால் பட்டறையில் எல்லாக் கத்தியையும் பலகையில்தான் வைப்பார்கள், வாங்குகிறவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பாஞ்சாலை அப்போது முகத்தைப் பார்க்க மாட்டாள். கை எப்படி மூடுகிறது, கட்டைவிரல் எங்கே போய் உட்காருகிறது என்று அதைத்தான் பார்ப்பாள்.

கோயிலில் பூஜை செய்கிற குடும்பத்து மௌலி ஒரு நாள் வந்தார். மாலைக் கட்டு அறுக்க, வாழைநார் கிழிக்க ஒரு கத்தி வேண்டும். கொம்புப் பிடி ஆகாது, மரம்தான். திருமலை கருங்காலியை முன்னால் தள்ளினான். மௌலி எடுத்துப் பார்த்து, "வழுக்கறதே," என்று வைத்துவிட்டார். அடுத்ததை எடுத்தார். கை மூடியது, கட்டைவிரல் பாஞ்சாலை செதுக்கியிருந்த பள்ளத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது. "இது இருக்கட்டும்," என்றார். அது புளி.

ஆனாலும் அது பந்தயத்தில் சேராதே! பிடிக்காகத்தான் வாங்கினேன் என்று அவர் வாயால் சொல்லவில்லையே. அதற்கப்புறம் புளியம்பிடி நன்றாகவே விற்றது. எல்லோரும் 'திருமலை கத்தி' என்றே வாங்கிப் போனார்கள். தீபம் வந்தது, போனது, மறுபடி வந்தது. "இன்னாம்மே, வந்தானா உன் ஆளு?" என்று திருமலை அடிக்கடி சீண்டுவான். அவளுக்கு வலிக்காமலில்லை. சில நாள் அடுப்படியில் தனியாக நின்று அழுதுமிருக்கிறாள். வெளியே வந்ததும், "வருவான்யா," என்பாள்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், மௌலி மறுபடி வந்தார். கத்தியைப் பலகையில் வைத்தார். அலகு பாதியில் ஒடிந்திருந்தது.

"நெய் டின் மூடி வரலை. இதால நெம்பினேன், போயிடுத்து."

"பேனாக்கத்தியால டின்னை நெம்பலாமா சாமி?" என்று திருமலை பதறினான். "வுடுங்க, புதுக் கத்தியே எடுத்துக்குங்க. இந்தப் பழசு எதுக்கு?"

மௌலி கையை ஆட்டி மறுத்தார். "புதுசு வேண்டாம்ப்பா. தினம் ஈரம், எண்ணெய், பால், எல்லாத்துலயும் கிடந்திருக்கு. பாரு, ஒரு கீறல் உண்டா? என் கைக்குப் பழகிடுத்து. பிளேடு நீ எதை வேணும்னாலும் போடு. எனக்கு இந்தப் பிடிதான் வேணும்."

திருமலை ஒடிந்த கத்தியை எடுத்துப் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது. "மாமா!" என்று புகழேந்தி தெருவே அதிரக் கத்தினான். "கேட்டுச்சா? மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாரு! நான் சாட்சி!"

ஒன்றும் புரியாத மௌலி, "நாளைக்கு வரேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பாஞ்சாலை மடியிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள். பெருமை என்றால் அப்படியொரு பெருமை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அடி," என்றாள்.

"அடிக்கிறேம்மே. உன் பேருக்கு அச்சு ஏது? செய்யச் சொல்லணும், ஒரு வாரம் ஆவும்."

பாஞ்சாலை ஆணி டப்பாவின் அடியில் கையை விட்டாள். துணி சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தாள். உள்ளே பொடி எழுத்தில் அவள் பேர் வெட்டிய இரும்பு அச்சு, எண்ணெய் பூசித் துருவேறாமல் இருந்தது.

"இது எப்ப செஞ்ச?"

"நீ பந்தயம் கட்டினியே, அதுக்கு மறுநாளு. பாத்திரத்துல பேரு வெட்டற பிரகாசுகிட்ட."

திருமலை அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு துருத்தியைப் போட்டான். புது அலகு சிவந்து வந்ததும் இடுக்கியில் பிடித்துப் பட்டடைக்கல்லில் வைத்து, முதலில் தன் பேரை அடித்தான். அப்புறம் சுத்தியலை அவள் பக்கம் நகர்த்தினான். பக்கத்தில் பாஞ்சாலை என்று அவளே அடித்தாள், ஒரே அடி.

மறுநாள், பழைய பிடியிலேயே புது அலகு மாட்டிய கத்தியை மௌலி பலகையிலிருந்து எடுத்தார். விரித்தார், மடக்கினார், சந்தோஷமாகத் தலையசைத்தார். பிறகு அலகின் அடியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"திருமலை, சரி. பாஞ்சாலைங்கறது யாரு?"

பாஞ்சாலை வாயெடுப்பதற்குள் திருமலை முந்திக்கொண்டான். "என் வீட்டுக்காரி சாமி. புடி அவளுது. மரம் பாத்து எடுத்ததும் அவதான்."

பாஞ்சாலை அரத்தைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுய்யா," என்றாள். "டீக்கடைக்குக் கேக்கல."