லாபம், ரெண்டு, மூணு

12.6.2023: மீனாவின் மையம், 24 பிள்ளைகள். எண் தேர்வு. சராசரி, இருபதுக்கு 9.
13.6.2023: மையம் இல்லாத பக்கத்து ஊர், 24 பிள்ளைகள். சராசரி 9.
11.3.2024: மீனாவின் மையம். சராசரி 17.
12.3.2024: பக்கத்து ஊர். சராசரி 15.

உசிலம்பட்டிக்கு மேற்கே மழலையர் மையம் நடத்தும் மீனா கடைசி வரியை மறுபடியும் படித்தாள். மையத்துக்குப் பணம் தரும் மதுரை அறக்கட்டளையிலிருந்து தேர்வு முடிவோடு வந்திருந்த ஸ்ரீகுமார், "ரெண்டு மார்க் வித்தியாசம் தற்செயலாக்கூட வரும் டீச்சர். மையத்தால பலன்னு சொல்ல முடியாது. ஜூன்ல மூடிடுவாங்க" என்றார்.

"மையமே இல்லாத ஊர்ப் பிள்ளைக எப்படி சார் இம்புட்டு எடுக்கும்?"

"அதான் புரியலை. அங்க ஒன்பது பேர் பிரமாதம். வேடிக்கை என்னன்னா, ஒண்ணுன்னு சொல்லாம 'லாபம், ரெண்டு, மூணு'ன்னு எண்ணுதுங்க."

மீனாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் அப்பா சந்தையில் நெல் அளந்தவர். முதல் படியை 'லாபம்' என்றுதான் சொல்வார். புளியங்கொட்டையை வைத்து அவளும் பிள்ளைகளுக்கு அப்படியே எண்ணச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் பக்கத்து ஊர்த் தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது இங்கே அம்மாச்சி வீட்டில் விட்டுப்போன ஒன்பது பிள்ளைகளை வாசலிலிருந்து விரட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பெயர் எழுதாமல் உட்காரவைத்தாள். சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடத் தகப்பன் ஊரான பக்கத்து ஊருக்குப் போன அந்தப் பிள்ளைகள் திரும்புவதற்குள் அங்கே தேர்வு நடந்துவிட்டது.

சொன்னால் விதியை மீறியவள். சொல்லாவிட்டால் மையம் போய்விடும். சமையல் பார்க்கும் சின்னத்தாய் கதவோரம் நின்று, வாயைப் பொத்திக் காட்டினாள்.

மீனா சொல்லிவிட்டாள்.

ஸ்ரீகுமார் தலையில் கைவைத்துக்கொண்டார். "உங்க பலனை நீங்களே அந்தப் பக்கம் ஏத்தி விட்டிருக்கீங்களே!"

"அந்த ஒன்பதையும் கழிச்சுப் பாருங்க சார்."

கைபேசியில் கழித்தார். பக்கத்து ஊர் 13க்கு இறங்கியது. "நாலு வித்தியாசம். ஆனா நமக்குத் தோதில்லாத பிள்ளைகளை மட்டும் தூக்கிட்டா யார் நம்புவா? நடந்ததை எழுதறேன்."

அவர் போனதும் சின்னத்தாய் பொரிந்தாள். "லாபம்னு சொல்லிக்குடுத்து நட்டத்துல நிக்கிறியே ஆத்தா!"

அதன்பின் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே மீனா வாசலுக்கு ஓடினாள். அறக்கட்டளையின் முதல் கடிதம் ஒன்பது பேரின் பெயர்களைக் கேட்டது. அடுத்தது, விதியை ஏன் மீறினீர்கள் என்றது.

கடைசிக் கடிதத்தில் மூன்றே வரி. இந்தக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மையம் இன்னும் ஓராண்டு நடக்கட்டும். ஒப்பிடுவதற்குத் தூரத்து ஊர் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறோம். ஒன்பது பேரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மீனா இரண்டு முறை படித்துவிட்டு, அவர்களுக்கும் சேர்த்தே உலை வைக்கச் சொன்னாள்.

கடிதம் வந்த தேதி 17.5.2024.