எதிர்வரும் செயலமர்வின் வளவாளர்

வரதராசாவின் வாழ்க்கை வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் அவர் ஒட்டிய அறிவித்தல்களைப் பார்வையிட வேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் இவர், கொழும்பிலுள்ள பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். 'எதிர்வரும் ஆய்வுத்திறன் செயலமர்வுகள்' என்று மூன்று மொழியிலும் அச்சிட்ட தாளைப் படிக்கட்டருகே பலகையில் ஒட்டுவது அவரது கடமை. ஒட்டியதைக் கிழிப்பதும் அவரது கடமை. இரண்டுக்கும் நடுவில் செயலமர்வை நடத்துவது மட்டும் அவரது கடமையல்ல என்பதால், அது நடப்பது அருமை.

அவரும் ஓர் ஆய்வாளர் என்பதை இங்கே மரியாதையுடன் குறிப்பிட வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்து ஒன்பது வருடம். தலைப்பு: 'ஒருவரும் இரவல் பெறாத நூல்கள்'. எழுதி முடித்து, மூன்று பிரதி கட்டி, மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார். ஆனால் ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு மூன்று செயலமர்வுச் சான்றிதழ்கள் வேண்டும் என்பது விதி. இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவது, மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் பற்றியது. அது நான்கு வருடமாக எதிர்வந்துகொண்டே இருந்தது.

அதைப் படிப்பிக்க இருந்த முதலாமவர் மெல்பேணுக்குப் போய்விட்டார். இரண்டாமவர் டொரோண்டோவுக்கு. மூன்றாமவர் நாட்டை விட்டுப் போகாத நல்ல மனிதர். அவர் வந்த அன்று மின்சாரம் போய்விட்டது. அதே நாள்தான் யாழ்ப்பாணத்தில் வரதராசாவின் தமையனுக்கு அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் போகாத தம்பி, இருட்டு மண்டபத்தில் பதினொரு மணிவரை இருந்துவிட்டு, தான் ஒட்டிய அறிவித்தலைத் தானே கிழித்தார். அண்ணி இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை.

சென்ற வருடம் டிசம்பர் முடிவோடு அவரது பதிவு காலாவதி. இனி நீடிப்பில்லை என்று கடிதம் வந்துவிட்டது. நவம்பரில் அந்த நல்ல மனிதரும் கட்டாருக்குப் போனார். சிரேஷ்ட உதவி நூலகர் உம்மு குல்தூம் வரதராசாவை அழைத்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே முடிவெடுத்துக்கொண்டு வந்து இறங்கும் அம்மையார் அவர்.

"வரதராசா, இந்த முறை நீங்களே செஞ்சிருங்க. ஒங்களுக்கு அது தண்ணிபட்ட பாடுதானே."

"நான் பங்குபற்ற வேண்டிய ஆள், மேடம்."

"அப்ப முன்னுக்கு நிண்டு பங்குபற்றுங்களேன்."

செயலமர்வன்று காலை அவருக்குச் சோற்றுப் பார்சல் கட்டியபடி மனைவி ஜெகதீஸ்வரி ஒரு யோசனை சொன்னார்.

"இஞ்சேருங்கோ, வரவுத்தாளில நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ. ஆர் பாக்கப் போயினம்?"

"எனக்கு நானே படிப்பிச்சனான் எண்டு கையெழுத்து வைக்கிறதோ? சும்மா இரும்."

காலி வீதி பஸ் நெரிசலில் மாதக்கணக்காகக் கைப்பேசியில் பார்த்துப் பழகியதை அவர் மூன்று மணித்தியாலம் படிப்பித்தார். இருபத்தாறு பேர் வந்தார்கள். றோல்ஸும் பிளேன்டீயும் முடிந்த பிறகும் பத்தொன்பது பேர் எஞ்சியிருந்தது அந்த நூலக வரலாற்றில் முதல் தடவை. வரவுத்தாளின் உச்சியில், படிப்பிப்பவர் பெயருக்கென்று 'வளவாளர்' என்றொரு கோடு உண்டு. அதில் முதலெழுத்துகளோடு தன் முழுப்பெயரையும் எழுதிவிட்டு, மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கீழே கையெழுத்து வைக்கவில்லை.

இருபத்தாறு சான்றிதழ்களிலும் அவரே ஒப்பமிட்டார். பிறகு தனக்கும் ஒன்று கேட்டு உயர்பட்டப் பிரிவுக்குப் போனார். அங்கே லிகிதர் பிரசாந் எழுந்து நின்று கதைத்தான்.

"சேர், வளவாளருக்கு நாங்கள் நன்றிக் கடிதம்தான் குடுப்பம். சான்றிதழ் பங்குபற்றினவைக்கு."

உம்மு குல்தூம் உயர்பட்டக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். குழு ஜனவரியில் கூடி ஆராய்ந்தது. இருபத்தாறு சான்றிதழ்களும் செல்லும். ஆனால் அவற்றில் ஒப்பமிட்டவர் அன்று சமூகமளித்ததற்கு வரவுத்தாளில் ஆதாரமில்லை என்று தீர்மானித்தது. எப்படியும் அதற்குள் பதிவு காலாவதியாகிவிட்டது.

மார்ச்சில், அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தியின் ஆய்வேடு நூலகத்துக்கு வந்தது. நன்றியுரையில் வரதராசாவின் பெயர் இருந்தது. அவர் மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்; பிழையில்லை. முத்திரை குத்தி, இலக்கமிட்டு, தட்டில் வைத்தார். பிறகு செலோடேப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டடிக்குப் போனார். அடுத்த அறிவித்தல் ஒட்ட வேண்டியிருந்தது.

இந்த முறை அதைக் கிழிக்க நேராது. வளவாளர் எங்கும் போகமாட்டார்.