மூன்றாவது குழாய்

இது நடந்தது. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஹபீபா பீவி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. வருஷம் 1927. இடம் பினாங்கு, சூலியா தெரு, கடைவீடுகளின் முன்தூண்களுக்கு உள்ளே ஓடும் அஞ்சடி நடைபாதை.

புருஷன் போய் ஒன்பது வருஷமாக அவள் அங்கே குழாய்ப் புட்டு விற்றாள். அடுப்பில் மூன்று மூங்கில் குழாய்கள். ஆவி கிளம்பினால் ஸ்ஸ்ஸ் என்று கூவும். துறைமுகத்துக்குப் போகிற ஆட்கள் அந்தச் சத்தத்துக்கே வந்து நின்றுவிடுவார்கள். வெந்ததைக் குச்சியால் தள்ளி, வாழையிலையில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவிக் கொடுப்பாள். சூட்டோடு வாயில் போட்டவனுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

மூன்றாவது குழாய் புதுசு. பழசு வெடித்துப்போனதால், மூட்டை தூக்கும் சின்னையா நல்ல மூங்கிலாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தது.

திங்கட்கிழமை காலை ஆறு பத்து. அந்தக் குழாயைத் தள்ளினாள். புட்டின் நடுவில் ஒரு கடி.

எலி என்று நினைத்தாள். கொதிக்கிற ஆவிக்குள் எலி ஏது? பல் பதிந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு பல்லின் இடம் மட்டும் காலி.

சின்னையா அதைப் பார்த்தான். தின்றுகொண்டிருந்த புட்டை இலையோடு கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

செவ்வாய்... ஆறு பத்து. அதே கடி. புதன்... அதே பல். அந்தக் குழாய் கூவவும் இல்லை. உள்ளே மொச்... மொச்... என்று ஒரு சத்தம்.

குழாயைத் தூக்கிப் போடு என்றார்கள். பயந்து எதையும் விட மாட்டேன் என்றாள். வியாழன் ஒரு ஆள்கூட வரவில்லை. அவள் அடுப்பு போட்டிருந்த கடைவீட்டின் சொந்தக்காரர் முகம்மது கனி, மறுநாளோடு காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த இடம் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

வெள்ளிக்கிழமை. தெருவில் போனவர்களையெல்லாம் நிற்கச் சொன்னாள். அவர்கள் கண்முன்னே மாவு நிரப்பி அடுப்பில் ஏற்றினாள்.

மொச்...

மொச்...

தள்ளினாள்.

கடி.

கூட்டம் பின்வாங்கியது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் புட்டை இலையில் வைத்து, இரண்டு பங்கு சர்க்கரை போட்டுத் தூணடியில் வைத்தாள்.

"பசின்னா கேட்டுத் தின்னு. இந்தா, முழுசும் உனக்குத்தான். தினமும் தர்றேன். என் யாவாரத்துல மட்டும் வாய வைக்காதே."

ஒரு காக்கை இறங்கியது. இலையைப் பார்த்தது. பறந்துவிட்டது.

ஆறு இருபத்தைந்து. இலை காலி.

மறுபடி மாவு நிரப்பி ஏற்றினாள். ஸ்ஸ்ஸ்... மூன்றாவது குழாய் கூவியது. புட்டு முழுசாக வந்தது. முதல் ஆளாக முகம்மது கனியே வாங்கித் தின்றார். காலி செய்யும் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

சாயங்காலம் சின்னையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அந்த மூங்கில் பாடையில் கட்டியதாம். எரிக்காமல் கிடந்ததை, வீணாய்ப் போகிறதே என்று சுடுகாட்டிலிருந்து எடுத்து வந்தானாம். செத்தவள் அவனுடைய பக்கத்து அறைப் புஷ்பவள்ளி. அவளுக்கு முன்பல் ஒன்று கிடையாது.

"மூணு நாளா கதவத் தட்டிச் சோறு கேட்டா, அக்கா. காலரான்னு பயந்து நான் திறக்கல."

ஹபீபா பீவி தூணடியில் கிடந்த காலி இலையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். நாளைக்கு இலையை நீ வை என்றாள்.

சனிக்கிழமை ஆறு பத்துக்கு வைத்தான்.

ஆறு இருபத்தைந்து... ஏழு... எட்டு...

சாயங்காலம் வரை அந்த இலை அப்படியே இருந்தது. எறும்புகூடத் தொடவில்லை.

ஞாயிறு ஹபீபா பீவி வைத்தாள். ஆறு இருபத்தைந்துக்கு இலை காலி.