சாந்தன்பாறை ஸ்டோரில் ஒரு தீ மந்திரம்

அருளப்பன் அண்ணாச்சி போய்விட்டார் என்று அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா போனில் சொன்னபோது, "அடக்கம் எப்போ அக்கா?" என்று மட்டும் கேட்டேன். அண்ணாச்சியிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டேன்.

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவர் சூப்பர்வைசர், நான் குமாஸ்தா. எழுபதுகளின் கடைசியில், தோட்டத்து பங்களா விருந்தாளி ஒருவர் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் எடுத்து, கதைக்குள் நடமாடும் விளையாட்டு. விதிகளில் பாதி புத்தகத்துடையது, பாதி அண்ணாச்சி சேர்த்தது. மந்திரம் பலிக்க வாய்ச்சொல், கைச்சாடை, பொருள் மூன்றும் வேண்டும். "கையில இல்லாத சாமானுக்கு மந்திரம் கெடையாதுவே" என்பார். தீ மந்திரம் என்றால் நிஜமாகவே ஒரு தீக்குச்சியை உரச வேண்டும். அதைத் தடுக்க, எதிராளி ஒரு மிளகை மேசையில் வைக்க வேண்டும். மந்திரம் சொல்லி முடிவதற்குள் வைத்தால் தீ இல்லை, குச்சியும் மிச்சம். முடிந்த பிறகு வைத்தால் அது ரசத்துக்குத்தான் ஆகும்.

அந்த வருட மழையில் எங்கள் பாதை இரண்டு பக்கமும் சரிந்தது. ஸ்டோரில் மாட்டிக்கொண்டது நாங்கள் இருவரும் லாரி டிரைவர் குஞ்ஞுமோனும். ஈரச் சுவர், ஏலக்காய் வாடை, அதே மூன்று முகங்கள். ஆறாம் நாள் காலையில் எனக்கு மூச்சே முட்டியது. எழுந்து சரிவை நோக்கி ஓடினேன். அண்ணாச்சி சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"எளகின மண்ணுவே. கால வச்சா ஆளையே முழுங்கிரும்."

அன்று மத்தியானமும் விளையாடினோம். அதுவரை ஐந்து நாளும் தோற்றவன் நான்தான். அன்றும் என் மந்திரவாதியைக் குகைக்குள் அடைத்துவிட்டார். தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். அதில் இருந்தது ஒரே குச்சி, காலையிலேயே பார்த்திருந்தேன். ஈர விறகில் அடுப்பு அவிந்து கிடந்தது, மண்ணெண்ணெய் தீர்ந்து விளக்கும் அணைந்திருந்தது, வேறு நெருப்பு கிடையாது.

"குச்சி இருக்காவே?"

"நெறைய இருக்கு அண்ணாச்சி."

மந்திரம் நீளமானது. மிளகு அவர் விரலிடுக்கில் இருந்தது. ஏனோ அவர் வைக்கவில்லை. குச்சி எரிந்தது, குகை திறந்தது, நான் பச்சைப்பிள்ளை மாதிரிக் கத்தினேன்.

சாயங்காலம் குஞ்ஞுமோனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. "கொறச்சு சூடுவெள்ளம் சேட்டா" என்று வெந்நீர் கேட்டு நடுங்கினான். நான் வெறும் பெட்டியைத் திறந்து காட்டினேன். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். காலையில் இறங்கத் துடித்த நான் அப்போது வாசலைத் தாண்டவில்லை. சரிவுக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் லயத்தில் தீப்பெட்டி வாங்கித் திரும்பும்போது பாறை உருண்டு அவர் முழங்கால் நசுங்கியது. தவழ்ந்துதான் வந்து சேர்ந்தார். குஞ்ஞுமோன் பிழைத்தான். அண்ணாச்சி அதன்பின் சாகும்வரை காலை இழுத்து இழுத்தே நடந்தார்.

எத்தனையோ முறை அவர் வீட்டுக்குப் போனேன். காபி குடித்தேன், ஊர்க்கதை பேசினேன், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன். வெட்கம்தான், வேறென்ன.

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்திலேயே அக்காவிடம் சொல்லிவிட்டேன்: கடைசிக் குச்சி என்று தெரிந்தேதான் உரசினேன் என்று.

"அது அவுகளுக்கும் தெரியும் தம்பி. காலையில அடுப்பு பத்த வைக்கையிலயே பாத்துட்டாகளாம். அன்னைக்கும் நீங்க தோத்தா மறுபடி சரிவுக்கு ஓடிருவீகன்னு பயந்துதான் மிளக வைக்கல. நீங்களா வந்து சொல்லுவீகன்னு கடைசி வரைக்கும் பாத்துட்டு இருந்தாக."

அண்ணாச்சியின் பகடைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அக்கா. வேண்டாம் என்றேன். அண்ணாச்சி எனக்காகக் காத்திருந்தார் என்பது ஒன்றுதான் இப்போது அவருடையதாக என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, யாரிடமும் கொடுக்கவும் வழியில்லை.