அத்தை செத்த வாய்தா

கானாக் கடற்கரையில் எங்கள் ஊர் கோர்ட்டில் இப்போதெல்லாம் ஜூரி வழக்கு தொடங்கினால் வாய்தா இல்லாமல் தினமும் நடந்து முடிகிறது. சட்டப் புத்தகத்தால் அல்ல, அராபா எசுமானால். மீன்வள அலுவலகத் தட்டச்சர். எட்டூருக்குக் கேட்கும் குரல். ஜூரித் தலைவியாக அவர் வந்தபோது, குமாஸ்தாவான நான் "சரியான வாயாடி" என்று முனகினேன்.

வழக்கு, படகுத் தச்சன் கொபினாவுடையது. கடையை உடைத்துத் திருடினான் என்ற குற்றச்சாட்டில், விசாரணை முடியாமலே மூன்று வருடமாகச் சிறையில் கிடந்தான். ஜூரி ஏழு பேரும் உட்கார்ந்தால்தான் விசாரணை. ஏழாவது ஆள் மின்மீட்டர் பார்க்கும் ஈபோ. அவர் வரமாட்டார், 'அத்தை இறந்துவிட்டார்' என்று சீட்டு வரும். நீதிபதி வாய்தா போடுவார். விடுதலையானவன் தலையில் வெள்ளைப் பவுடர் தூவுவது எங்கள் ஊர் வழக்கம்; அதற்காகக் கொபினாவின் மனைவி எஃபுவா பவுடர் டப்பாவோடு வருவாள். திறக்காமலே எடுத்துப் போவாள்.

நாலாவது முறையும் அத்தை இறந்தார். அராபா என் மேஜைக்கு வந்தார்.

"ஈபோ வீடு எங்கய்யா இருக்கு?"

"சொல்லக் கூடாதுக்கா."

"சாவு வீட்டுக்குப் போறதையும் சட்டம் தடுக்குதா?"

சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஜூரி ஆறு பேரும் கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடை உடுத்தி, ஒரு பெட்டி கலர் சோடாவோடு போய்க் கதவைத் தட்டினார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். மீன் செதில் ஒட்டிய கையோடு ஒரு அம்மாள் திறந்தார்.

"யாரு செத்தது?"

"ஈபோவோட அத்தைம்மா. இது நாலாவது தடவ."

"அவனுக்கு இருக்கிறதே ஒரே அத்தை, நான்தான்! அடப்பாவி, ஒரு தடவகூட என்கிட்ட சொல்லலையேடா!"

உள்ளே ஈபோ பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை அத்தையே அவரை இழுத்துவந்து ஏழாவது நாற்காலியில் உட்கார வைத்தார். அராபா எழுந்தார்.

"ஐயா, எல்லாரும் இருக்கோம். முடியிற வரைக்கும் தெனமும் வர்றோம். வாய்தா வேணாம்."

ஜூரி இப்படிப் பேசும் வழக்கமே இல்லை. நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார், பிறகு சரி என்றார்.

நாலே நாள். வேறு ஊர்ப் படகுக்காரர் ஒருவர், திருட்டு நடந்தபோது கொபினா அங்கே தம் படகைச் செப்பனிட்டுக்கொண்டிருந்ததாகச் சாட்சி சொன்னார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து வெறுமனே திரும்பியவர் அவர்.

"குற்றவாளி இல்லை!" அராபாவின் குரல் மீன் சந்தை வரை கேட்டிருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் எஃபுவா டப்பாவை எடுத்தாள். துருப்பிடித்த மூடி திறக்கவில்லை. ஈபோ தலைகுனிந்து அதை வாங்கி, திறந்து கொடுத்தார். கொபினாவின் தலை முழுக்க வெள்ளை.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"எனக்கும் ஒரு பிடி போடும்மா. நாலு தடவ செத்துப் பிழைச்சவ!"