சூசைதாசன் அண்ணையின் வண்டியும் ஒரு மெழுகுதிரியும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. "சூசைதாசன் அண்ணை மோசம் போயிட்டார்" என்று தம்பி சாவுச் செய்தி சொன்னான். கையிலிருந்த சீமெந்துப் பையை இறக்கிவைத்து, அதன்மேலேயே இருந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணை கடலடியில் மூழ்கிக் கடலட்டை பிடித்த சுழியோடி. ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில், இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. பிறகு சில்லுக் கதிரையில் இருந்தபடியே எங்கள் படகு எஞ்சின்களைத் திருத்தினார். வாய் மட்டும் ஒருநாளும் முடங்கவில்லை. என் எஞ்சினைத் திறந்தால் முதல் ஏச்சு எனக்குத்தான்.

அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, பார்த்தவர் மனைவி றெஜினா அக்கா. அக்கா காலமான பின் வந்த முதல் ஆத்துமாக்கள் திருநாளில் ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தியது. அண்ணையின் கதிரை வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே முழுக்க மணலும் முருகைக் கல்லும். தூக்கிக்கொண்டு போகிறோம் என்றோம்.

"என்னைத் தூக்கித் தூக்கித்தான் அவவின்ர நாரியெலும்பு முறிஞ்சது. அவவைப் பாக்கவும் ஆரும் தூக்கித்தான் நான் போறதோ? ஏலாது."

மெழுகுதிரியை நாங்கள் கொண்டுபோய் வைப்பதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. தானே அனுப்ப வேண்டும் என்றார்.

அந்த மாரிக்காலத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த அண்ணையின் மருமகன் ஒரு றிமோட் காரை விட்டுப்போனார். மேடு பள்ளத்தில் ஓடுகிற வகை. சில்லுக்கு ஒன்றாக, குலுக்கலைத் தாங்க எண்ணெய் விட்ட சொக் அப்சோபர். அண்ணை அதன் முதுகில் மெழுகுதிரியை நட்டு, காற்றுக்கு விளக்குச் சிமினியை மாட்டி ஓட்டினார். முதல் கல்லிலேயே வண்டி துள்ள, உருகிய மெழுகில் சுடர் மூழ்கிப்போனது.

எஞ்சின்காரர் அல்லவா, சொக்குக்குள் படகு எஞ்சின் ஒயிலை விட்டார். உள்ளேயிருந்த றப்பர் வளையங்கள் ஊதி, சொக்குகள் இறுகிப்போயின. நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு அதற்கென்றே உள்ள சிலிக்கன் எண்ணெயைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். எண்ணெய் மெல்லிதென்றால் வண்டி ஊஞ்சலாடும், தடிப்பென்றால் கல்லுக்குக் கல் குதிக்கும். வெயிலில் எண்ணெய் இளகிவிடும் என்பதால், சனம் சேமக்காலைக்குப் போகிற பின்னேரத்தில் மட்டுமே ஓட்டிப் பார்த்தார். நிரம்பிய தேநீர்க் கோப்பையை ஏற்றி முற்றத்துக் கற்களின்மேல் விட்டார். தேநீர் சிந்தினால் மறுபடி கழற்றுவார்.

சொக் என்பது சின்னவிரல் அளவுக் குழாய். எண்ணெய் விட்டதும் உள்ளே சிக்கிய காற்று வெளியேற வேண்டும். ஒரு குமிழி மிஞ்சினாலும் சொக் அடியை வாங்காது. சொக்கின் தண்டை மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொண்டு அவர் காத்திருப்பார். பொறுமை கெட்டு, போதும் மூடுங்கோ என்றேன். அவர் நிமிரவில்லை.

"குமிழியை அவசரப்படுத்தக்கூடாது. ஆறுதலா மேல வரட்டும். அவசரப்பட்டு வந்தவன் நான், எனக்குத் தெரியும்."

தன் கால்களைக் கொண்டுபோன காற்றை ஒரு மனிதர் இவ்வளவு அமைதியாக முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கமாட்டேன்.

அடுத்த திருநாளில் சேமக்காலை வாசலில் இருந்தபடி மெழுகுதிரியைக் கொளுத்தினார். வண்டி புறப்பட்டது. செபம் சொல்லிக்கொண்டிருந்த சனம் விலகி வழிவிட்டது. சில்லுகள் கல்லில் ஏறி இறங்கின, சுடர் ஆடவேயில்லை. றெஜினா அக்காவின் கல்லறையடியில் வண்டி நின்றதும் பங்குச் சுவாமியார் சிலுவை அடையாளம் போட்டார். அண்ணை றிமோட்டை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். அற்புதங்களைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது அது ஒன்றுதான்.

நேற்றுப் பின்னேரம், தூக்க விடாத மனிதரைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலைக் கடந்தோம். ஏச்சு விழவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் அவரை அடக்கிய பின் வாசலுக்கு வந்து, வண்டியில் மெழுகுதிரி கொளுத்தி றிமோட்டை எடுத்தேன். எனக்கு அதை ஓட்டிப் பழக்கமில்லை. வண்டி கோணல்மாணலாகப் போய் ஒரு பெரிய முருகைக் கல்லில் ஏறி, பொத்தென்று விழுந்தது. அண்ணை விட்ட எண்ணெய் அந்த அடியை வாங்கிக்கொண்டது. சுடர் நேராக நின்றது. இருவருக்கும் நடுவில் வண்டியை நிறுத்தினேன்.

ஆறுதலா மேல போங்கோ அண்ணை. இனி ஒரு அவசரமும் இல்லை.